ஆடியில் சதுரங்கம், மாசியில் விமானம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை வந்தால் பிள்ளைகள் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள், அவர்களை எங்கே அனுப்புவது என்றே தெரியவில்லை என்று பெற்றோர் சிலர் தங்கள் நாளிதழின் இப்பகுதியில் எழுதியிருந்த கடிதங்களைப் படித்தேன். அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் பிள்ளைகளை அழைத்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள்கள் இருந்தும், உட்காரவைக்க ஓர் இடம் கிடைக்காமல் அலைகிறவர்களும் இந்த மாவட்டங்களில் இருக்கிறார்கள் என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

நூற்பாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். என்னைப் போன்ற நாலைந்து பேர் சேர்ந்து பல்லடம் வட்டாரத்தில் ஒரு சிறு பொழுதுபோக்கு மன்றம் நடத்திவருகிறோம். சிறுவிமானங்களைச் செய்து பறக்கவிடுவதும் சதுரங்கம் ஆடுவதும் எங்கள் மன்றத்தின் இரு வேலைகள். சூலூர், காரணம்பேட்டை, பல்லடம் பக்கத்துப் பிள்ளைகள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள். புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஏனுங்க, ஏரோப்பிளேனுக்கும் செஸ்ஸுக்கும் என்னங்க சம்பந்தம்?”

முதல் சம்பந்தம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் நுழைகிற தென்மேற்குக் காற்று புரட்டாசி வரை நம் பக்கத்தை விடுவதில்லை. பல்லடம், உடுமலை, தாராபுரம் காடுகளில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதற்கு அதுதான் காரணம். ஆடியில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில், ஒரு கிலோ எடைகூட இல்லாத தெர்மோகோல் விமானத்தை யார் பறக்கவிடுவது? தொடங்கிய முதல் ஆண்டு நாங்கள் விமானம் மட்டும்தான் செய்தோம். ஆனி பிறந்ததும் பறக்கவிட வழியில்லாமல் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். காற்று அடங்கிய பிறகு கூப்பிட்டபோது பாதிப் பேர் வரவில்லை. அடுத்த ஆண்டு, எங்களில் ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த சதுரங்கப் பலகைகளை எடுத்துவந்து விரித்தார். அதிலிருந்து ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களில் சதுரங்கம், தை, மாசி, பங்குனியில் விமானம், இடைப்பட்ட மழை நாள்களில் இறக்கை வெட்டுவதும் ஒட்டுவதும் என்று ஆண்டு முழுவதும் மன்றம் நடக்கிறது. யாரும் யோசித்துச் செய்த திட்டமன்று இது. காற்று செய்த ஏற்பாடு.

சதுரங்கத்துக்கும் நம் பக்கத்துக்கும் உள்ள தொடர்பு பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக வாகையர் ஆனது எல்லாருக்கும் தெரியும். விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனது 1988-இல், நம் கோயம்புத்தூரில் நடந்த சக்தி ஃபைனான்ஸ் பன்னாட்டுப் போட்டியை வென்றுதான் என்று சொன்னால் பெரியவர்களே நம்ப மறுக்கிறார்கள். ஈரோட்டுப் பிள்ளை இனியன் 2019-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். விமானத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 1940 முதல் கோயம்புத்தூர் பீளமேட்டில் விமான நிலையம் இருக்கிறது. சூலூர் விமானப்படைத் தளத்தில் தேஜஸ் போர் விமானங்களும், சாரங் என்னும் ஹெலிகாப்டர் சாகசக் குழுவும் இருக்கின்றன. நாங்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் இடி மாதிரி ஒரு சத்தம் போகும். பத்து வயதுப் பெண் ஒருத்தி பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே “தேஜஸுங்க” என்று சொல்லிவிட்டுக் குதிரையை நகர்த்துவாள். பெரும்பாலும் அவள் சொல்வது சரியாகவே இருக்கும்.

இவையெல்லாம் வெளிச் சம்பந்தங்கள். உள்ளே இருக்கும் சம்பந்தத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு விபத்து. அதற்குக் காரணம் நான்தான் என்பதால் தயங்காமல் சொல்லலாம்.

காங்கயத்துக்குத் தெற்கே எங்கள் நண்பர் ஒருவருக்குக் கொறங்காடு இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், மேய்வதற்கு நாலைந்து காங்கயம் மாடுகள். மாசி மாதத்தில் மாடுகளை அடுத்த காட்டுக்கு ஓட்டிவிட்டு, அந்தக் காட்டை எங்களுக்குக் காலை இரண்டு மணி நேரம் விடுவார். என் பேரன் மூன்று மாதம் உட்கார்ந்து செய்த விமானம் அன்றுதான் முதன்முதலாகப் பறக்க இருந்தது. இறக்கையைத் தானே வெட்டி, சைக்கிள் ஸ்போக்கை வளைத்துச் சக்கரக் கால் வைத்திருந்தான். சாதாரண உடனடிப் பசை தெர்மோகோலைக் கரைத்துவிடும் என்பதை ஒரு இறக்கையைப் பாழாக்கித் தெரிந்துகொண்டு, இரண்டாவது இறக்கையை வேறு பசையால் ஒட்டியிருந்தான். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல்நுனிகளை வைத்து விமானத்தைத் தூக்கி, மூக்கு லேசாகத் தாழ்கிறதா என்று பார்த்தான். தாழவில்லை. தூண்டில் ஈயக்குண்டு ஒன்றை மூக்குக்குள் வைத்து, மறுபடியும் தூக்கிப் பார்த்து, சரியான பிறகே கீழே வைத்தான். அவன் எதையும் விடவில்லை. விட்டவன் நான்.

ரேடியோ கட்டுப்பாட்டுக் கருவியில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் எண் வைத்து, அதன் அமைப்புகளைத் தனித்தனியாகச் சேமித்து வைத்திருப்போம். அதற்கு முன் என் விமானத்தைப் பறக்கவிட்ட நான், எண்ணை மாற்றாமல் கருவியை அவன் கையில் கொடுத்துவிட்டேன். இரண்டு விமானங்களிலும், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்களின் இணைப்பு ஒன்றுக்கொன்று எதிர். தரையை விட்டு எழும்பியதும் விமானம் வலப்பக்கம் சற்றே சாய்ந்தது. பிள்ளை இடப்பக்கம் திருப்பினான். அது இன்னும் வலப்பக்கம் சாய்ந்தது. இன்னும் இடப்பக்கம் திருப்பினான். எல்லாம் நாலைந்து நொடிகள். கிளுவை வேலியில் போய் விழுந்தது. முள்ளுக்குள் கையை விட்டு ஒடிந்த இறக்கையை எடுத்துவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, “அப்புச்சி, பறக்கறதுக்கு முன்னால மடல் எந்தப் பக்கம் தூக்குதுன்னு ஒரு வாட்டி பாத்திருந்தா ஆச்சே” என்றான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊர் திரும்பும் வழியில் அவனுக்கு 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொன்னேன். போயிங் நிறுவனம் நான்கு எஞ்சின் கொண்ட புதிய குண்டுவீச்சு விமானம் ஒன்றைச் செய்து, ரைட் ஃபீல்டு என்னும் தளத்தில் ராணுவத்துக்குப் பறந்து காட்டியது. அனுபவம் மிகுந்த விமானிகள். விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் வால் மடல்கள் ஆடாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. அதை விடுவிக்க மறந்து ஏறிவிட்டார்கள். விமானம் செங்குத்தாக மேலேறி, நின்று, விழுந்து எரிந்தது, இருவர் இறந்தார்கள். ஓட்டுவதற்கு மிகவும் கடினமான விமானம் என்று பேச்சு எழுந்தபோது, விமானிகள் வேறொன்று செய்தார்கள். புறப்படுமுன் பார்க்க வேண்டியவற்றை வரிசையாக ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு முறையும் படித்துப் பார்த்துச் சரிசெய்த பிறகே பறப்பது என்று வைத்துக்கொண்டார்கள். இன்று பீளமேட்டில் ஏறி இறங்கும் ஒவ்வொரு விமானத்திலும் அந்தப் பழக்கம் இருக்கிறது.

மறு வாரமே எங்கள் மன்றத்துக்கு ஓர் அட்டை வந்தது. அஞ்சலட்டை அளவு. ஒரு பக்கத்தில் விமானத்துக்கு ஏழு வரிகள். முதல் வரி, ‘கருவியில் விமான எண் சரியா?’ மறுபக்கத்தைச் சும்மா விட மனமில்லாமல் பேரன் சதுரங்கத்துக்கு எழுதினான்: எதிராளி ஏன் அந்தக் காயை நகர்த்தினார்? என் காய் எது காவலில்லாமல் நிற்கிறது? நான் நகர்த்தினால் எனக்கு எங்கிருந்து செக் வரும்? அவ்வளவுதான். மற்ற பிள்ளைகளும் ஆளுக்கொன்று எழுதிக்கொண்டார்கள். அதற்கு முன், ராணியைச் சும்மா கொடுத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொள்ளும் காட்சி எங்கள் கூடத்தில் அரை மணிக்கு ஒரு முறை நடக்கும். இப்போது நடப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன். தேநீர் நேரத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை என்று குறைந்திருக்கிறது.

இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. வேறுபடும் இடங்களில்தான் பிள்ளைகள் அதிகம் வாதாடுகிறார்கள். விமானிக்கு அந்தப் பட்டியல் மனப்பாடமாகவே இருந்தாலும், தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து சொல்வது தவறு. சதுரங்கத்தில் ஆட்டத்தின்போது எந்தக் குறிப்பையும் பார்க்கக் கூடாது என்பது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி. எனவே போட்டியில் அந்த அட்டையை எடுத்துப் பார்த்தால் ஆட்டமே போய்விடலாம். தரையிறங்க வரும் விமானி, காற்று சரியில்லை என்று கண்டால் எஞ்சினை முடுக்கி மறுபடியும் மேலேறி, ஒரு சுற்று சுற்றி வந்து இறங்கலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆடிக் காற்றில் பீளமேட்டில் இப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறோம். சதுரங்கத்திலோ காயைத் தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். “அப்போ செஸ்ஸுல கை போறதுக்கு முந்தியே திரும்பிடணுமுங்க” என்று ஒரு பையன் சொன்னான். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு யோசிக்கும்படி நாங்கள் ஓராண்டாகச் சொல்லியும் கேட்காதவன், அதை விளக்கிய அன்றிலிருந்து வைத்துக்கொள்கிறான்.

ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று ஓடும் சதுரங்கக் கடிகாரமும் அப்படித்தான். ஜெட் விமானம் போய்ச்சேரும் ஊருக்கும், அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று ஊருக்கும் போதுமான எரிபொருளோடு, கடைசிக் கையிருப்பாக மேலும் 30 நிமிடம் வானில் வட்டமிடுவதற்கான எரிபொருளையும் வைத்திருக்க வேண்டும் என்று சொன்ன பிறகு, தொடக்க ஆட்டத்திலேயே பாதி நேரத்தைத் தின்றுவிடும் பிள்ளைகள் தாங்களாகவே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஓடுதளத்தின் எண்களையும் இப்படியே கற்றார்கள். பீளமேட்டில் ஒரு முனையில் 23, மறுமுனையில் 05. திசைகாட்டியில் 230 பாகை, 50 பாகை, கழித்தால் 180. ஆடியில் காற்று தென்மேற்கிலிருந்து வருவதால், காற்றை எதிர்த்து இறங்கும் விமானங்கள் வடகிழக்கிலிருந்து 23-ஆம் முனைக்கு வருகின்றன. சதுரங்கப் பலகையில் இ4, டி5 என்று கட்டங்களுக்குப் பெயர் சொல்லிப் பழகிய பிள்ளைகளுக்கு இது ஒரு நிமிட வேலை.

விண்வெளியிலேயே சதுரங்கம் ஆடியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1970 ஜூன் 9 அன்று, சோயுஸ் 9 விண்கலத்தில் இருந்த நிக்கோலயேவும் செவஸ்தியானோவும் ஓரணியாக, தரையிலிருந்த கமானினோடும் கொர்பாத்கோவோடும் வானொலி வழியே ஆடினார்கள்; ஆட்டம் சமனில் முடிந்தது. கமானின் பழைய விமானி. எடையில்லாத இடத்தில் காய்கள் மிதந்துவிடாதபடி பலகையில் பள்ளம் வைத்துக் காய்களைப் பொருத்தியிருந்தார்கள். இதைக் கேட்ட எங்கள் பிள்ளைகள், ஆடிக் காற்றில் திண்ணையில் வைத்து ஆடுவதற்கென்று ஆணி வைத்த காய்களோடு ஒரு பலகை செய்திருக்கிறார்கள்.

இனி எங்கள் குறைக்கு வருகிறேன். சதுரங்க மாதங்களில் உட்கார எங்களுக்குக் கூடம் இல்லை. இப்போது ஒருவர் வீட்டுத் திண்ணையிலும் தறி நிறுத்திய ஒரு கொட்டகையிலுமாக மாறி மாறி உட்காருகிறோம். பொதுக் கட்டடம் ஒன்றின் கூடம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பூட்டியே கிடப்பதால், அதை வாடகைக்குக் கேட்டு உரிய அலுவலகத்தில் விண்ணப்பித்தோம். படிவத்தில் விளையாட்டு, கல்வி மற்றும் அறிவியல், கலை மற்றும் பண்பாடு என்று மூன்று கட்டங்கள். ஒன்றை மட்டும் குறிக்க வேண்டும். நாங்கள் முதல் இரண்டையும் குறித்தோம். திருப்பி அனுப்பினார்கள். விளையாட்டு என்று மட்டும் குறித்துக் கொடுத்தோம். விமானம் செய்வது எப்படி விளையாட்டு ஆகும் என்று கேட்டார்கள். அறிவியல் என்று குறித்தோம். சதுரங்கம் அறிவியலில் வராது என்றார்கள். கடைசியாக அங்கிருந்த ஒருவர், நல்ல மனத்தோடுதான், “ரெண்டு மன்றமாப் பிரிச்சுப் பதிஞ்சுருங்க, பிரச்சினை முடிஞ்சுது” என்றார். அலைந்ததில் ஓர் ஆடி போய் அடுத்த ஆடி வந்துவிட்டது.

பிரிப்பதில் எங்களுக்குள்ள தடை பிடிவாதம் அன்று. பிரித்தால் விமான மன்றம் ஆனியில் மூடிவிடும், சதுரங்க மன்றம் தையில் காலியாகிவிடும்; விமானத்தை மட்டும் வைத்து ஓராண்டு பட்டுப் பார்த்துத்தான் இரண்டையும் ஒன்றாக்கினோம். படிவத்தின் கேள்விக்கும் விடை இருக்கிறது. வான்விளையாட்டுகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 1905-இல் பாரிசில் தொடங்கப்பட்டது. சிறுவிமானங்களுக்கும் உலகப் போட்டி நடத்துவது அதுதான். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1924-இல் அதே பாரிசில் தொடங்கப்பட்டது. இரண்டையும் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அங்கீகரித்திருக்கிறது. எனவே விளையாட்டு என்ற ஒரே கட்டத்தைக் குறித்தாலே போதும். அலுவலர்கள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள்.

பறக்கவிடும் இடம் பற்றி எங்களுக்குக் குறை இல்லை, வேண்டுகோள்தான் உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள், கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் கண்ணுக்கெட்டும் தொலைவில் மட்டும் இயக்கப்படும், 25 கிலோவுக்கு மேற்படாத மாதிரி விமானங்களுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்கின்றன. எங்களுடையவை எல்லாமே 2 கிலோவுக்கு உட்பட்டவை. ஆனால் இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் போகக் கூடாது. அதற்கும் அப்பால், முன் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் 400 அடி. இந்த விதி சரியானது. பயணிகள் விமானம் இறங்கும் வழியில் பிள்ளைகளின் பொம்மை பறக்கக் கூடாது. பீளமேடும் சூலூரும் பக்கம் பக்கமாக இருப்பதால் கோவையை ஒட்டிய கிழக்குப் பகுதியில் எங்களுக்கு இடமே இல்லை என்று தெரிந்துதான், ஆரம்பத்தில் பறக்கவிட்டுக்கொண்டிருந்த சூலூர்ப் பக்கத்துத் தரிசை விட்டுவிட்டுக் காங்கயம் வரை போகிறோம். இருசக்கர வண்டியில் இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வரும் பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. சாலையில் லாரி ஒன்று பக்கத்தில் போனாலே பாதி இறக்கை போய்விடும்.

பல்லடத்துக்குக் கிழக்கிலோ பொங்கலூர்ப் பக்கத்திலோ, காற்றாலைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் விலகியிருக்கும் பச்சை மண்டலப் புறம்போக்கு ஒன்றை, தை முதல் பங்குனி வரை பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு காலை 7 மணி முதல் 9 மணி வரை பயன்படுத்த மாவட்ட நிர்வாகமோ ஊராட்சியோ அனுமதித்தால் போதும். கட்டடமோ பணமோ கேட்கவில்லை. முன்கூட்டியே காவல் நிலையத்துக்கு எழுதிக் கொடுக்கவும், வெள்ளாமை சேதமானால் ஈடு கொடுக்கவும், குப்பையைப் பொறுக்கிக்கொண்டு போகவும் ஆயத்தமாக இருக்கிறோம். அதுபோல, ஞாயிறு காலையில் பூட்டிக் கிடக்கும் கூடமோ வகுப்பறையோ வைத்திருக்கும் பள்ளி நிர்வாகத்தார் யாரேனும் ஆடி முதல் புரட்டாசி வரை நான்கு மணி நேரம் தர முன்வந்தால், பலகையும் கடிகாரமும் நாங்களே கொண்டுவருகிறோம். பத்து மேசையும் ஒரு மின்விசிறியும் இருந்தால் சரி. அந்தக் காற்றில் மின்விசிறிகூட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூற்பாலைப் பராமரிப்புப் பணியாளர்,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.